மனசு சரியில்லையா? உடம்பையும் ஒரு தரம் பாருங்கள்!

வானூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, நாலு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடி வெள்ளிக்கிழமை, நாற்பத்திரண்டு வயசு அம்மா ஒருவரை என் வைத்தியசாலைக்கு அழைத்து வந்தார்கள். கூட கணவர், மாமியார், நாத்தனார். அந்த அம்மாவின் கை மணிக்கட்டில் மந்திரித்த கயிறு மூன்று. வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தரையைப் பார்த்தபடியே இருந்தார்.

பேசியதெல்லாம் மாமியார்தான். "அய்யா, இவ முன்ன மாதிரி இல்ல. காலையில எழுந்திருக்கவே மாட்டேங்குறா. மல்லாட்டை உடைக்க உக்காந்தா உக்காந்த எடத்துலயே இருக்கா. உலை கொதிச்சு அடங்குது, அரிசி போடணும்னு தோணல. ஏண்டின்னு கேட்டா அழுவுறா. திருவக்கரைக்கு மூணு பௌர்ணமி கூட்டிட்டுப் போயாச்சு..."

கணவர் இடையில் புகுந்தார். "எங்க வீட்டுல ஒரு பிரச்சினையும் இல்லீங்க. கடன் இல்ல, சண்டை இல்ல. பையன் பாலிடெக்னிக் படிக்கிறான். எதுக்கு இப்படி இருக்கான்னே தெரியல."

நான் நாடி பார்த்தேன். மந்தமாக ஓடியது. 'மனச்சோர்வு' என்று எழுதினேன். வல்லாரை நெய் கொடுத்தேன், நாலு நல்ல வார்த்தை சொன்னேன், "வீட்டில் யாரும் திட்டாதீர்கள்" என்றும் சொல்லி அனுப்பினேன். மூன்று மாதம் போயிற்று. ஒரு முன்னேற்றமும் இல்லை.

அப்புறம் ஒருநாள் என் டெலிபோன் மணி அடித்தது. கரகரத்த, கனத்த குரல். வார்த்தைகள் நாக்கில் ஒட்டிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. அந்த அம்மாவின் கணவர் பேசுகிறார் என்று நினைத்து, "வீட்டுல எப்படி இருக்காங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"நான்தாங்க பேசுறேன்" என்றது அந்தக் குரல்.

எனக்குச் சுருக்கென்றது. மூன்று மாதமாக வந்து போகிற நோயாளி. அவர் வாயால் நாலு வாக்கியம் பேசி நான் கேட்கவே இல்லை! மாமியார் பேசியதைக் கேட்டு மருந்து கொடுத்திருக்கிறேன்.

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் மனப்பாடம் செய்யச் சொல்வது எண்வகைத் தேர்வு. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். இதில் 'மொழி' என்றால் நோயாளியின் குரல், பேச்சு. 'பரிசம்' என்றால் தொட்டுப் பார்ப்பது. இந்த எட்டையும் பார்த்துவிட்டுத்தான் நோய்க்குப் பெயர் வைக்க வேண்டும். நான் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுப் பெயர் வைத்தேன்.

மறுநாளே வரச் சொன்னேன். இந்தத் தடவை மற்றவர்களை வெளித் திண்ணையில் உட்கார வைத்தேன். தொட்டால் தோல் சில்லென்று, பல்லி முதுகு மாதிரி சொரசொரப்பு. கண் இமைகள் உப்பல். புருவத்தின் வெளிப்பக்க முடி உதிர்ந்திருந்தது. மலம் நாலு நாளைக்கு ஒரு தரம். மாதவிலக்கு கண்டபடி அதிகம். சித்திரை வெயிலிலும் போர்வை வேண்டியிருந்ததாம். "அதை ஏம்மா மொதல்லயே சொல்லல?" என்றேன். "யாரும் கேக்கலீங்க" என்றார்.

தைராய்டு டெஸ்ட்டுக்கு எழுதிக் கொடுத்தேன். டி.எஸ்.எச். என்ற அளவு சாதாரணமாக நாலு, ஐந்துக்குள் இருக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு 90-ஐத் தாண்டி இருந்தது. சீட்டும் கையுமாக அன்றே புதுச்சேரி ஜிப்மருக்கு அனுப்பினேன்.

<b>மேஸ்திரியின் கூச்சல்</b>

தைராய்டு என்பது கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே இருக்கிற சுரப்பி. உடம்பில் ஒவ்வொரு உறுப்பும் எந்த வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிப்பது இதன் சுரப்பு. மூளையும் உறுப்புதானே? சுரப்பு குறைந்தால் இதயம் மெதுவாகத் துடிக்கிறது, குடல் மெதுவாக நகர்கிறது, யோசனையும் மெதுவாகத்தான் வருகிறது. பார்ப்பவர்களுக்கு அது சோம்பலாகத் தெரியும். சம்பந்தப்பட்டவருக்கோ, கிணற்றுக்கு அடியில் உட்கார்ந்து மேலே நடப்பதைப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

டி.எஸ்.எச். ஏன் ஏறுகிறது என்று பல பேர் கேட்கிறார்கள். "சுரப்பு குறைச்சல்னு சொல்றீங்க, ரிப்போர்ட்டில் நம்பர் அதிகமா இருக்கே?" நியாயமான சந்தேகம். டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பது அல்ல. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவு. கட்டட வேலையில் சித்தாள் சுறுசுறுப்பாக இருந்தால் மேஸ்திரி மெதுவாகச் சொன்னால் போதும். சித்தாள் அசையாமல் நின்றால் மேஸ்திரி கத்துவார் இல்லையா? அந்தக் கத்தலின் அளவுதான் டி.எஸ்.எச்.

இது நேற்று கண்டுபிடித்த சங்கதி அல்ல. 1949-ல் லண்டன் டாக்டர் ரிச்சர்ட் ஆஷர் என்பவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 14 நோயாளிகளைப் பற்றி எழுதினார். மனநோயாளிகளாகக் கருதப்பட்ட அவர்களுக்கு உண்மையில் தைராய்டு சுரப்பு வற்றிப் போயிருந்தது. தைராய்டு மருந்து கொடுத்ததும் பெரும்பாலானவர்கள் தெளிந்துவிட்டார்கள். அப்போது டி.எஸ்.எச். பரிசோதனை கிடையாது. முகத்தையும் தோலையும் குரலையும் வைத்துத்தான் கண்டுபிடித்திருக்கிறார். அதாவது நம் எண்வகைத் தேர்வில் பாதியை லண்டனில் செய்திருக்கிறார்!

சென்னை உட்பட எட்டு நகரங்களில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் 11 பேருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. லேசான வகைக் குறைவும் பல பேருக்கு உண்டு. அதனால் டி.எஸ்.எச். ஆறோ ஏழோ வந்தவுடன், "என் துக்கத்துக்கெல்லாம் காரணம் கிடைத்துவிட்டது" என்று முடிவு செய்ய வேண்டாம். லேசான குறைவு பல பேருக்கு ஒரு தொந்தரவும் தருவதில்லை. 

பிரசவமானவர்கள் வீட்டில் ஒன்று கவனியுங்கள். குழந்தை பிறந்து சில மாதங்களில் சில தாய்மார்களுக்குத் தைராய்டு தற்காலிகமாகத் தடுமாறும். 'பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடுகிறோம். வயசானவர்களுக்கு நேர்மாறாக ஒன்று நடப்பதுண்டு. தைராய்டு அதிகமாகச் சுரந்தால் படபடப்பு, கை நடுக்கம் வர வேண்டும். ஆனால் எழுபது வயதுக்காரர் சிலர் சத்தமில்லாமல் ஒடுங்கிப் போவார்கள். எடை இறங்கும், எதிலும் நாட்டமிருக்காது. வயசாயிடுச்சு என்று நாமும் பேசாமல் இருந்துவிடுவோம்.

<b>பச்சரிசி தின்கிற பெண்</b>

நம் வீடுகளில் தைராய்டைவிடப் பரவலாக இருப்பது ரத்தசோகை. நாங்கள் பாண்டு என்போம். 2019-21ல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! ஆக, ஒரு தெருவில் பத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு நிறுத்தினால் ஐந்து பேராவது ரத்தசோகைக்காரர்களாக இருப்பார்கள்.

ரத்தம் குறைந்தால் மூச்சு வாங்கும், தலை சுற்றும் என்று எல்லோருக்கும் தெரியும். எரிச்சல் வரும், மனம் எதிலும் பதியாது, அழுகை முட்டும் என்பது அவ்வளவாகத் தெரியாது. ஒரு துப்பு சொல்கிறேன். வீட்டில் யாராவது பச்சரிசி, சாம்பல், விபூதி, சாக்பீஸ், மண் என்று ரகசியமாகத் தின்கிறார்களா? கேலி செய்யாதீர்கள். ஹீமோகுளோபின் பாருங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. ஏன் குறைந்தது என்பதையும் பார்க்க வேண்டும். கருப்பையில் கட்டி இருந்து மாதாமாதம் ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தால், அன்னபேதிச் செந்தூரமோ ஆஸ்பத்திரி இரும்பு மாத்திரையோ ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர்தான். இரும்பு மாத்திரையோடு டீ, காபி கூடாது. எலுமிச்சையும் நெல்லிக்காயும் துணை செய்யும்.

அடுத்தது பி-12. இது சைவ உணவுக்காரர்களுக்கும் வயசானவர்களுக்கும் குறையும். சர்க்கரைக்கு வருஷக்கணக்காக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும் குறையும். நாக்கு வழவழவென்று சிவந்து எரியும். பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். ஞாபகம் தவறும். கூடவே காரணமில்லாத சோகம். இந்த நாலும் ஒரே ஆளிடம் இருந்தால் தாமதிக்காதீர்கள். நரம்பு ரொம்ப நாள் கெட்டுப்போனால் பிறகு முழுசாகத் திரும்பாது.

இங்கே எங்கள் வட்டாரத்துக்கே உரிய ஒரு விஷயம். ஆரோவில் பக்கத்தில் ஸ்பைருலினா என்ற பச்சைப் பாசியை வளர்க்கிறார்கள். புரதம் நிறைந்த நல்ல பொருள்தான். ஆனால் "டாக்டர், நான் ஸ்பைருலினா சாப்பிடுறேன், அதுல பி-12 இருக்காமே" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார். அதில் இருப்பது பெரும்பாலும் பி-12 போலத் தோன்றும் வேறொன்று. நம் உடம்புக்கு அது உதவாது. பால், தயிர், முட்டை, மீன் இவற்றில் இருப்பதுதான் நிஜமான பி-12. குறைவு அதிகமென்றால் ஊசியோ மாத்திரையோ வேண்டும்.

சர்க்கரை நோயைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். சர்க்கரை இருப்பவர்களுக்கு மனச்சோர்வு அதிகம். மனச்சோர்வு இருப்பவர்களுக்குச் சர்க்கரை வரும் வாய்ப்பும் அதிகம். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. 'கை கால் போச்சே என்ற கவலை' மட்டும் அல்ல, மூளையில் ஏற்பட்ட சேதமும் சேர்ந்து செய்கிற வேலை. நடுக்குவாதம் எனும் பார்க்கின்சன் நோயில், கை நடுங்குவதற்குச் சில வருஷம் முன்பே முகம் களையிழந்து மனம் சோர்வதுண்டு. இரவெல்லாம் பெரிய குறட்டை, பகலெல்லாம் தூக்கம், எரிச்சல் என்று இருக்கிற ஆண்பிள்ளைகளுக்குத் தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, இருமலோடு சோர்வு என்றால் காசநோய்ப் பரிசோதனை.

காசநோய் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 1952-ல் நியூயார்க்கில் சீ வியூ என்ற காசநோய் ஆஸ்பத்திரியில் இப்ரோனியாசிட் என்ற புது மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் உற்சாகமாகிச் சிரித்து, ஆடத் தொடங்கிவிட்டார்களாம். மனச்சோர்வுக்கான முதல் மருந்துகளில் ஒன்று பிறந்தது இப்படி, ஒரு நெஞ்சுநோய் ஆஸ்பத்திரியில்தான். உடம்பு வேறு, மனசு வேறு என்று வேலி போடுகிறவர்களிடம் நான் சொல்கிற கதை இது.

<b>மருந்தே காரணமானால்?</b>

என் துறையைச் சேர்ந்த விஷயம் என்பதால் இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும். சர்ப்பகந்தி என்ற மூலிகை ரத்தக் கொதிப்புக்கும் தூக்கமின்மைக்கும் நம் நாட்டில் காலங்காலமாகப் பயன்பட்டது. பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-ல் இதைப் பற்றி ஆங்கில இதய மருத்துவ இதழில் எழுதிய பிறகு உலகமே திரும்பிப் பார்த்தது. 1952-ல் அதன் வேரிலிருந்து ரெசர்பின் என்ற சத்தைப் பிரித்தார்கள். ரத்தக் கொதிப்பு இறங்கியது. ஆனால் சாப்பிட்டவர்களில் சிலர் துக்கத்தில் மூழ்கினார்கள் என்ற செய்தியும் 1950-களிலேயே வரத் தொடங்கியது. ரெசர்பின் நேரடிக் காரணமா என்று பிற்பாடு வாதப் பிரதிவாதங்கள் நடந்தன. இருந்தாலும் ஒருமுறை மனச்சோர்வு வந்தவருக்கு அதைக் கொடுக்காமல் இருப்பதே பத்திரம். 'மூலிகைதானே, என்ன செய்யும்?' என்று கடையில் வாங்கித் தானாகத் தின்பவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்று, மூட்டுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் பெயர் தெரியாத பொட்டலங்கள். "மூணு நாள்ல ஓடிப் போகும்" என்று சொல்லிக் கொடுப்பார்கள். நிஜமாகவே மூன்று நாளில் வலி போய்விடும்! உள்ளே ஸ்டீராய்டு மாத்திரையை இடித்துக் கலந்திருப்பார்கள். பல மாதம் சாப்பிட்டவருக்கு முகம் உப்பி நிலா மாதிரி ஆகும், வயிறு பெருக்கும், சர்க்கரை ஏறும். மனம் ஒருநாள் துள்ளும், ஒருநாள் அழும். சித்த மருந்து என்ற பெயரில் இதைச் செய்கிறவர்கள் மேல் எனக்கு வருகிற கோபத்தை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது. அப்படிச் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது. அது உயிருக்கே ஆபத்து. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய்ப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

குடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 'கவலைக்குக் குடிக்கிறேன்' என்பவர்களில் பலருக்குக் குடிதான் அந்தக் கவலையை வளர்த்துக்கொண்டிருக்கிறது.

வீட்டுப் பெரியவர்களுக்கு வருவோம். தாத்தா பேச்சைக் குறைத்துக்கொண்டார், டி.வி. முன்னால் உட்காருவதில்லை, கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் வரவில்லை என்கிறார். மனச்சோர்வா? இருக்கலாம். காது கேட்காமல் போயிருக்கலாம். கண்ணில் புரை விழுந்திருக்கலாம். திடீரென்று ஒரு வாரத்தில் மாறிப்போனார் என்றால் ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கலாம். நீர் பிரிய வைக்கும் பி.பி. மாத்திரைகள் சாப்பிடும் பெரியவர்களுக்கு இது சகஜம். ஒரு பெரியவருக்குக் காதில் அடைத்திருந்த குறும்பியை எடுத்ததும் மறுநாளே டீக்கடைக்குப் போய் அரசியல் பேச ஆரம்பித்துவிட்டார்.

<b>எப்போது சந்தேகப்பட வேண்டும்?</b>

இதுவரை கலகலப்பாக இருந்தவர் நாற்பது வயதுக்கு மேல் முதல்முறையாகச் சோர்ந்தால், ஒரு காரணமும் சொல்ல முடியாமல் சோர்ந்தால், எடை ஏறினாலோ இறங்கினாலோ, புது மாத்திரை தொடங்கிய பிறகு சோர்ந்தால், உடம்பையும் கட்டாயம் பார்க்க வேண்டும். ஊருக்குள் ஓடிப்போய் ஐம்பது டெஸ்ட் எடுக்கச் சொல்லவில்லை. ஹீமோகுளோபின், டி.எஸ்.எச்., சர்க்கரை, சோடியம், கிரியாட்டினின், தேவைப்பட்டால் பி-12. இவ்வளவு போதும், மீதியை டாக்டர் முடிவு செய்வார். போகும்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும், லேகியம், சூரணம் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். முக்கியமாக, நோயாளியைப் பேச விடுங்கள்.

இனி, இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நீங்கள் செய்யக்கூடிய தவறு ஒன்று உண்டு. போன வருஷம் ஒரு காலேஜ் பையனை அழைத்து வந்தார்கள். எல்லா டெஸ்ட்டும் எடுத்தாயிற்று. எல்லாம் சரியாக இருந்தது. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியாடா, ஒனக்கு ஒண்ணுமே இல்ல. எல்லாம் நெனப்புதான்!" பையன் முகத்தைப் பார்த்தேன். இருந்த கொஞ்சநஞ்ச வெளிச்சமும் அணைந்து போயிற்று.

ரிப்போர்ட் சரியாக இருந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. தைராய்டு இல்லை, சோகை இல்லை என்றுதான் அர்த்தம். மனச்சோர்வு தன்னளவிலேயே ஒரு நோய். பெங்களூர் நிமான்ஸ் நிறுவனம் 2015-16ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய கணக்கெடுப்பில், பெரியவர்கள் இருபது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது அது வந்திருந்தது. அப்பாவை வெளியே அனுப்பிவிட்டுப் பையனிடம் நேராகக் கேட்டேன்: "தம்பி, செத்துப் போயிடலாம்னு தோணுதா?" இப்படிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே புகுத்திவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். கேட்டால் பாரம் குறையும். தலையை ஆட்டினான். அன்று மதியமே முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் சேர்த்தோம். கழனிக்கு வாங்கி வீட்டுக்குள் வைத்திருந்த பூச்சிமருந்து டப்பாக்களை அன்றே அப்புறப்படுத்தச் சொன்னேன். இப்போது மாத்திரை சாப்பிடுகிறான், பரீட்சை எழுதுகிறான். ராத்திரி நேரத்தில் யாரிடம் பேசுவதென்று தெரியாதவர்கள் 14416-க்குப் போன் செய்யலாம். டெலி-மானஸ் என்ற மத்திய அரசின் இலவசச் சேவை இது. 2022 அக்டோபரிலிருந்து இருபத்துநாலு மணி நேரமும் நடக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

"சித்த வைத்தியராக இருந்துகொண்டு இங்கிலீஷ் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறீர்களே?" என்று கேட்கிறார்கள். சுரப்பு வற்றிப் போனவருக்கு அந்தச் சுரப்பைத்தான் கொடுக்க வேண்டும். பசித்தவனுக்குச் சோறு போடாமல் சூரணம் கொடுத்தால் என்ன பலன்? மலச்சிக்கலுக்கும் தோல் வறட்சிக்கும் தூக்கத்துக்கும் கூடவே நான் மருந்து கொடுக்கிறேன். அதை ஜிப்மர் டாக்டருக்கும் சீட்டில் எழுதித் தெரிவிக்கிறேன்.

அந்த அம்மாவுக்குத் தைராக்சின் மாத்திரை ஆரம்பித்து ஒன்றரை மாதத்தில் மலச்சிக்கல் போயிற்று. மூன்றாம் மாதம் குளிர் விட்டது. மனம் கடைசியாகத்தான் திரும்பியது; ஐந்து மாதமாயிற்று. தை மாசத்தில் ஒருநாள் ஒரு பை நிறையப் பச்சை மல்லாட்டையோடு தனியாகவே பஸ் ஏறி வந்தார். கையில் கயிறு ஒன்றுதான் பாக்கி இருந்தது. அது குலதெய்வக் கயிறு, கழற்றக் கூடாதாம். நானும் கழற்றச் சொல்லவில்லை.

"இப்ப நல்லாத்தானே இருக்கேன், மாத்திரைய நிறுத்திடட்டுமாங்க?" என்று கேட்டார். குரல் தெளிவாக இருந்தது.

கூடாது என்றேன். விடியற்காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் சாப்பிட வேண்டும், அரை மணி நேரமாவது கழித்துத்தான் காபி, இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் நாலு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும் என்று மறுபடியும் சொன்னேன். அடுத்து டி.எஸ்.எச். பார்க்க வேண்டிய தேதியைச் சீட்டில் எழுதி, அவர் கையிலேயே கொடுத்தேன்.